முமுக்ஷுப்படி யாருக்காகப் பிறந்தது?
பூர்வாசார்யர்கள் காலத்துப் பெண் சிஷ்யைகளைப் பற்றி ஒரு விசாரம்

ரஹஸ்யத்ரயத்தின் பொருளை விவரிப்பதற்குப் பிள்ளை லோகாசார்யர் நான்கு நூல்களை அருளிச்செய்தார். யாத்ருச்சிகப்படி, பரந்தபடி, ஸ்ரிய:பதிப்படி, முமுக்ஷுப்படி என்பன அவை. திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் என்னும் மூன்றையே விஷயமாகக் கொண்டு ஒரே ஆசார்யர் நான்கு முறை க்ரந்தம் ஸாதிக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். இதற்கான விடையை முமுக்ஷுப்படிக்குத் தாம் இட்டருளிய வ்யாக்யானத்தின் அவதாரிகையில் மணவாள மாமுனிகள் தெரிவித்திருக்கிறார். யாத்ருச்சிகப்படி மிகவும் சுருங்கியது. பரந்தபடி மிகவும் விரிந்தது. ஸ்ரிய:பதிப்படியிலோ ஸம்ஸ்க்ருத வாக்யங்கள் மிகுதி. ஆகவே பெண்களும் கல்விப் பயிற்சி இல்லாதவர்களும் அதை அதிகரிக்க இயலாது. இக்குறைகள் ஒன்றும் இல்லாதபடி நான்காவதாக அமைந்தது முமுக்ஷுப்படி.

காலக்ஷேபம் கேட்டவர்கள் அனைவரும் இவ்விடத்தைக் கடந்தே வந்திருப்பார்கள். அவதாரிகைதானே என்று விரைந்து சொல்லிவிட்டுத் திருமந்த்ர ப்ரகரணத்துக்குள் நுழைவதுதான் வழக்கம். அடியேனும் பல முறை அப்படியே கடந்து போனதுண்டு. ஆனால் கல்வியின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இந்த ஓரிடம் பெரிய ஸாக்ஷி. கற்பவர்களுள் பெண்களும் உண்டு என்பது ஒரு க்ரந்தத்தின் நடையையும் மொழியையும் நிர்ணயித்தது என்பதை ஸம்ப்ரதாயமே தன் வாயால் சொல்லும் இடம் இது. இன்றும் சில இடங்களில், பெண்களுக்குத் திருப்பாவையும் சில ஸ்தோத்ரங்களும் போதும், ரஹஸ்ய க்ரந்த காலக்ஷேபம் அவர்களுக்கு வேண்டா என்று சொல்லக் கேட்கிறோம். அப்படிச் சொல்பவர்கள் கையில் வைத்திருக்கும் முமுக்ஷுப்படியே அப்பெண்களை நினைத்துப் பிறந்தது என்றால், அந்த அபிப்ராயம் எதன்மேல் நிற்கிறது என்று விசாரிப்பது நம் கடமை.

இவ்விஷயம் ஸம்ப்ரதாயத்துக்கு முன்பே மிகப் பழையது. ப்ருஹதாரண்யக உபநிஷத்தில் கார்க்கி யாஜ்ஞவல்க்யரோடு ஸபையில் வாதம் புரிகிறாள். மைத்ரேயி செல்வத்தை வேண்டாமல் அமுத நிலைக்கான உபாயத்தைக் கேட்கிறாள். அதே உபநிஷத்தின் ஆறாம் அத்யாயத்தில், பண்டிதையான மகளைப் பெற விரும்புவோர் செய்ய வேண்டியது இன்னதென்று ஒரு விதியும் உண்டு. அவ்விடத்துக்கு பாஷ்யம் இட்ட சங்கரர், பெண்ணுக்கு வேதத்தில் அதிகாரம் இல்லாமையால் அங்குச் சொன்ன பாண்டித்யம் இல்லறக் காரியங்களில் உள்ள பாண்டித்யமே என்று பொருள் உரைத்தார். மூலத்தில் அப்படியொரு வரையறை இல்லை. உபநிஷத்துக்கும் பாஷ்யத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் உலக வழக்கு எவ்வளவு மாறியிருந்தது என்பதை இவ்வொரு விளக்கத்தைக் கொண்டே அளந்துவிடலாம். பெண்களில் ப்ரஹ்மவாதினி, ஸத்யோவது என்று இரு வகையினர் உண்டென்றும், முன்னவர்க்கு உபநயனமும் அத்யயனமும் உண்டென்றும் ஹாரீதர் பெயரால் வழங்கும் ஸ்ம்ருதி வசனமும், பிற்கால நிபந்தனகாரர்களால் முந்தைய யுகத்துச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

பூர்வமீமாம்ஸையின் ஆறாம் அத்யாயத்தில் வரும் வாதம் இதைவிடவும் சுவையானது. ஸ்வர்க்கத்தை விரும்புபவன் யாகம் செய்யக்கடவன் என்று விதி இருக்கிறது. அதில் ‘விரும்புபவன்’ என்ற சொல் ஆண்பாலில் நிற்பதால் யாகத்தில் ஆணுக்கே அதிகாரம் என்பது ஐதிசாயனர் பக்ஷம். ஜைமினி இதை மறுத்து பாதராயணரின் கருத்தைக் காட்டுகிறார். அச்சொல் விருப்பமுடைய அதிகாரியைப் பொதுவாகச் சொல்ல வந்ததேயன்றி, அதன் பால் விகுதி விவக்ஷிதமன்று. பெண்ணுக்கும் ஸ்வர்க்கத்தில் விருப்பம் உண்டாகையால் அவளுக்கும் அதிகாரம் உண்டு. இலக்கணத்தின் ஒரு விகுதியைக் கொண்டு ஒருவரை வெளியே நிறுத்த முடியாது என்று மீமாம்ஸகர்கள் ஸித்தாந்தம் செய்தது எண்ணி எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் அந்த ந்யாயம் யாகசாலையோடு நின்றுவிட்டது. உபநயனமும் அத்யயனமும் ஆணுக்கே என்று கொண்டதால், வேள்வியில் பத்னி தனக்கென்று விதித்த அளவே செய்யக்கடவள் என்று அதே அத்யாயம் மேலே முடிக்கிறது. பலனில் பங்கு உண்டு, பாடத்தில் பங்கு இல்லை என்பதே அங்கு எய்திய முடிவு.

இந்நிலையில் மாற்றுவழி ஒன்றை வ்யாஸர் கண்டார் என்று ஸ்ரீபாகவதம் சொல்லும். மூன்று வேதங்களும் செவிப்படாத பெண்கள் முதலானோர்க்காகவே அவர் பாரதத்தை அருளினார் என்பது அப்புராணத்தின் முதல் ஸ்கந்தத்துச் செய்தி. கற்பவர் யார் என்பதை நினைத்து நூல் செய்யும் மரபுக்கு அது முன்மாதிரி. ஆனால் அது வேதத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டது. முமுக்ஷுப்படியை அந்த வரிசையில் வைக்கலாமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் பழைய வரம்பை மாற்றவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அபசூத்ராதிகரணத்தில், உபநயனமும் அத்யயனமும் இல்லாதவர்க்கு உபாஸன ரூபமான ப்ரஹ்மவித்யையில் அதிகாரம் இல்லை என்றே ஸித்தாந்தம் செய்தருளினார். விதுரர் முதலானோர் ஞானம் பெற்றது முற்பிறவியின் வாஸனையால் என்பது அங்கே சொல்லும் ஸமாதானம். அவ்வதிகரணம் பெண்களைப் பற்றியதன்று எனினும், காரணம் உபநயனமின்மை என்றால் அது அவர்களையும் தொடும். பாஷ்யகாரராக அவர் சாஸ்த்ரத்தின் எல்லையில் நின்றார். ஆசார்யராகத் தெருவில் எழுந்தருளியபோது அவர் செய்ததோ வேறு. இவ்விரண்டும் முரண் என்று சிலர் எழுதுகிறார்கள். அடியேனுக்கு அப்படித் தோன்றவில்லை. பக்தியோகத்தின் வாசல் வேறு, ப்ரபத்தியின் வாசல் வேறு. ப்ரபத்திக்கு தேசம், காலம், ப்ரகாரம், அதிகாரி, பலம் என்னும் இவற்றில் நியமம் கிடையாது, பற்றப்படும் விஷயத்தில் மட்டுமே நியமம் என்று ஸ்ரீவசனபூஷணம் வகுத்துக் காட்டும். அதற்கு உதாரணமாகப் பிள்ளை லோகாசார்யர் எடுக்கும் இருவரில் ஒருத்தி பெண். நீராடித் தூய்மை பெறாத நிலையிலேயே த்ரௌபதி சரணம் புகுந்தாள். அர்ஜுனன் சரமச்லோகத்தைக் கேட்டதோ போர்க்களத்தில், அற்பர்களின் நடுவில். தீட்டைக் காரணம் காட்டிப் பெண்ணை வாசலில் நிறுத்தும் வழக்கம் நிலவிய உலகில் முதல் உதாரணமாகவே அவளை எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது.

இனி, தெருவில் நடந்தது. ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் முதலான நூல்கள் கொங்குப் பிராட்டியின் சரித்ரத்தைச் சொல்கின்றன. வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் அதைக் கல்வியின் கண்கொண்டு மறுபடி நோக்க வேண்டும். கொங்கு நாட்டில் மழை பொய்க்கவே, ஓர் அந்தணரும் அவர் மனைவியும் திருவரங்கத்தில் வந்து ஒரு மாடியில் குடியிருந்தார்கள். உடையவர் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போது பெரியவர்கள் எல்லாம் தெருவில் விழுந்து ஸேவிப்பதை அப்பெண் மேலிருந்து நாள்தோறும் கண்டாள். ஒரு நாள் கீழே இறங்கி வந்து, பிக்ஷை எடுக்கும் உம்மை இவர்கள் வணங்குவது ஏன் என்று அவரையே கேட்டாள். தாம் அவர்களுக்கு பகவத் விஷயமாகச் சில வார்த்தை சொல்வதுண்டு, அதனால் என்றார் அவர். அதை எனக்கும் சொல்லலாகாதோ என்றாள். த்வயத்தை உபதேசித்தருளினார்.

கணவனைக் கேட்டு வா என்றோ, குலம் என்ன என்றோ, விரதம் இருந்து வா என்றோ ஒரு வார்த்தை இந்த வ்ருத்தாந்தத்தில் இல்லை. திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தவர் அவர். அப்படி நடந்து பெற்றவர், கேட்ட அன்றே கொடுத்தார். உபதேசித்தது த்வயமானது ஏன் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். திருவஷ்டாக்ஷரத்தைப் பெண்கள் ப்ரணவத்தோடு சொல்லலாமா என்பது பிற்காலத்தில் இரு கலையாரிடையே கருத்து வேறுபாட்டுக்கு இடமான விஷயம். த்வயத்தில் ப்ரணவம் இல்லை. யாரும் ஆக்ஷேபிக்க முடியாத மந்த்ரரத்னம் அது. இது அடியேனுடைய ஊகமே.

அடுத்து வருவதுதான் அடியேனை மிகவும் ஈர்த்த இடம். ஊரில் மழை பெய்து திரும்பிப் போகும் வேளையில் அப்பெண், உபதேசித்த வார்த்தை மறந்துபோயிற்று என்றாள். உடையவர் மறுபடி உபதேசித்தருளினார். பற்றிக்கொள்ள ஏதேனும் வேண்டும் என்று அவள் ப்ரார்த்திக்கத் தம் பாதுகைகளையும் கொடுத்தார். பாரதம் அறிந்தவர்களுக்கு இங்கே இன்னொரு மாணாக்கன் நினைவுக்கு வருவான். கீதையைக் கேட்ட அர்ஜுனன், போர் முடிந்தபின், அன்று சொன்னது மறந்துவிட்டது, மறுபடி சொல்ல வேண்டும் என்று கண்ணனிடம் விண்ணப்பித்தான். உன் சிரத்தைக் குறைவால் மறந்தாய், அதை அப்படியே மறுபடி என்னால் சொல்ல ஆகாது என்று கடிந்துகொண்டுதான் கண்ணன் அநுகீதையைச் சொன்னான். கொங்குப் பிராட்டிக்குக் கடிசொல் இல்லை. பெண் மறப்பாள், இவளுக்கு ஏன் சொன்னோம் என்ற நினைவும் இல்லை. மறந்த மாணாக்கருக்கு மறுபடி சொல்வதே ஆசார்ய க்ருத்யம் என்பதை இவ்விடம் காட்டுகிறது.

சோழனுடைய உபத்ரவத்தால் உடையவர் வெள்ளை சாற்றி மேல்நாட்டுக்கு எழுந்தருளும் வழியில் அவள் வீட்டிலே தங்க நேர்ந்தது. வந்தவர்களில் எம்பெருமானார் உண்டோ என்று அவள் திருவடிகளைப் பார்த்து ஆராய்ந்து, இத்திருவடிகள் அவருடையவை போலிருக்கின்றன, காஷாயம் இல்லாமையால் தெரியவில்லை என்றாள் என்று சரித்ரம் முடிகிறது. பாதுகைகளை வைத்து நாள்தோறும் த்யானித்தவளுக்கு அதுவே பரீக்ஷை. அதில் அவள் தேறினாள்.

இவை நடந்தபடியே எழுதப்பட்டவையா என்று வரலாற்றாசிரியர் கேட்பார். உடையவரின் காலம் 1017 முதல் 1137 வரை என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. ஆறாயிரப்படியைத் தொகுத்த பின்பழகிய பெருமாள் ஜீயரோ நம்பிள்ளையின் சிஷ்யர், அதாவது ஒரு நூற்றாண்டுக்கும் பிற்பட்டவர். ஒவ்வொரு சொல்லும் அப்படியே நடந்தது என்று நாட்ட முயல வேண்டியதில்லை. நம்பிள்ளை கோஷ்டியில் இருந்தோர்க்கு, ஒரு பெண் மாடியிலிருந்து இறங்கி வந்து ஆசார்யரிடம் நேரே கேள்வி கேட்டாள் என்பது வியப்பாகத் தோன்றவில்லை. அதைப் போற்றிப் பாதுகாக்கத்தக்க செய்தியாகவும் கருதினார்கள். நம் விசாரத்துக்கு அவ்வளவு போதும்.

பெண்களுக்கு அக்காலத்தில் பாடம் எங்கே நடந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் வீட்டிலே, கேள்வி வழியாகவே. ஆண்டாளுக்கு ஆசார்யர் அவள் தந்தையே. திருப்பாவை முப்பதும் நாச்சியார் திருமொழி நூற்று நாற்பத்து மூன்றுமாக 173 பாசுரங்களை அருளியவள், தன்னை பட்டர்பிரானுடைய கோதை என்றே சொல்லிக்கொண்டாள். பெண் பேச்சாகப் பாடிய மற்ற ஆழ்வார்களுக்கு அப்பெண்மை ஏறிட்டுக்கொண்டது, இவளுக்கோ பள்ளமடை என்று வ்யாக்யாதாக்கள் வேறுபாடு காட்டுவார்கள். பெண்ணாய்ப் பிறந்தது குறையன்று, இவ்விஷயத்தில் மிகுதி என்பது அதன் கருத்து.

பிள்ளை உறங்காவில்லி தாஸரின் தேவிகள் பொன்னாச்சியார் கற்ற பாடம் இன்னும் நுட்பமானது. உடையவரின் நியமனப்படி சிலர் இரவில் வந்து, உறங்குவதுபோல் கிடந்த அவருடைய ஒரு பக்கத்து ஆபரணங்களைக் கழற்றினார்கள். ஸ்ரீவைஷ்ணவர்கள் கொள்ளட்டும் என்று அவர் மறுபக்கம் திரும்பினார். வந்தவர்கள் அஞ்சி ஓடினார்கள். நம்முடைய காதுக்கு அது பெரிய தியாகம். தாஸர் அதில் குற்றம் கண்டார். என் நகை, நான் கொடுக்கிறேன் என்ற நினைவு உள்ளே இருந்ததால்தானே திரும்பினாய், எம்பெருமானுடைய பொருளை அவன் அடியார் கொள்ளும்போது கிடந்தபடி கிடந்திருக்க வேண்டாவோ என்பது அவர் திருவுள்ளம். ஸ்வாதந்த்ர்யம் எவ்வளவு நுண்ணிய வடிவில் ஒளிந்திருக்கும் என்னும் இந்த அர்த்தம் ரஹஸ்ய க்ரந்தங்களின் நடுவில் இருப்பது. அது ஓர் இல்லத்தில், இரவு நேரத்தில், மனைவிக்கு எளிமைப்படுத்தாமல் சொல்லப்பட்டது. பெண் என்பதற்காக அவருக்குத் தேர்வின் தரம் குறைக்கப்படவில்லை.

கூரத்தாழ்வானுடைய தேவிகள் ஆண்டாள் தம் குமாரரான பட்டருடைய ஸ்ரீபாததீர்த்தத்தை ஸ்வீகரிப்பாராம். பெற்றவள் பிள்ளையிடம் இப்படிச் செய்யலாமோ என்று கேட்டவர்களுக்கு, சிற்பி தான் வடித்த திருமேனியை ப்ரதிஷ்டை ஆனபின் தானே வணங்குவதில்லையோ என்று ஸாதித்ததாக வழங்கும். திருக்கோளூரில் எம்பெருமானார்க்கு எதிரே வந்த பெண்பிள்ளையின் எண்பத்தொரு வார்த்தைகளும் இத்தகைய கேள்வி ஞானத்தின் விளைவே. அவற்றில் இதிஹாஸ புராணச் செய்திகள் ஒரு பக்கம் என்றால், ஆழ்வார் ஆசார்யர்களின் சரித்ரங்கள் இன்னொரு பக்கம். பட்டர் முதலானோரையும் அவை குறிப்பதால், தொகை இன்றுள்ள வடிவம் பெற்றது சற்றுப் பிற்காலத்தில் என்று தோன்றுகிறது. எப்படியாயினும், அவ்வளவையும் ஒரு சிற்றூர்ப் பெண் மனத்தில் வைத்திருந்தாள் என்பதை உடையவர் நம்பினார், அவள் திருமாளிகையில் அமுதும் செய்தார்.

அடியேனின் இளமையில் ஒரு திருமாளிகையில் காலக்ஷேபம் நடக்கும்போது பெண்கள் உள்கட்டில் கதவோரம் அமர்ந்து கேட்பார்கள். ஒரு மூதாட்டிக்கு ஸந்தேஹம் வந்தால் பேரனை அனுப்பிக் கேட்கச் சொல்வார். பையன் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வான். ஸ்வாமியோ விழுங்கிய பாதியையும் தாமே ஊகித்து, கதவை நோக்கி விடை ஸாதிப்பார். அவர் விடை சொன்ன விதத்தைக் கொண்டே, கேள்வி எளியதன்று என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நம்பிள்ளை காலத்தில் காலக்ஷேப கோஷ்டி பெருகி இடம் போதாமல் போயிற்று. அடுத்த மனை அவருக்கு சிஷ்யையான ஒரு ஸ்ரீவைஷ்ணவியுடையது. ஆசார்யர் கோஷ்டிக்கு அதைத் தரவேண்டும் என்று ஒருவர் கேட்க, முதலில் அவள் இசையவில்லை. திருவரங்கத்தில் ஓர் இடம் கிடைப்பது எளிதா என்றாள். பின்பு நம்பிள்ளையே கேட்டருள, பரமபதத்தில் ஓர் இடம் தருவதானால் இதைத் தருகிறேன் என்றாள். அவர் அப்படியே ஓலை எழுதிக் கொடுத்தார். சில நாட்களில் அவள் திருநாடு எய்தினாள். ஈடு முப்பத்தாறாயிரமாக நம் கையில் இருக்கும் அர்த்தங்கள் அந்த கோஷ்டியில் சொல்லப்பட்டவை. அவற்றைக் கேட்க வந்தவர்கள் அமர்ந்த நிலத்தில் ஒரு பகுதி ஒரு பெண் கொடுத்தது.

அவ்வீட்டை நினைக்கும்போது வடக்குத் திருவீதிப் பிள்ளையின் தாயாரையும் நினைக்க வேண்டும். தம் குமாரர் விரக்தியால் இல்லறத்தை நோக்காதிருந்ததைக் கண்டு, அவ்வம்மையார் நேரே நம்பிள்ளையிடம் சென்று விண்ணப்பித்தார். ஆசார்யர் நியமனத்தால் பிள்ளை மனம் மாறினார். அப்படிப் பிறந்தவரே பிள்ளை லோகாசார்யர். ஆசார்யரிடம் பெண்கள் நேரே சென்று பேசலாம் என்றிருந்த அந்தச் சூழலில் வளர்ந்தவர், பிற்காலத்தில் நூல் எழுதும்போது அவர்களை நினைத்தார் என்பதில் வியப்பில்லை.

இப்போது அவதாரிகைக்குத் திரும்புவோம். பெண்களையும் பேதைகளையும் ஒரே மூச்சில் இணைத்துச் சொல்வது இன்றைய காதுக்கு உறுத்தும். உறுத்துவது நியாயமே. அதற்கு அலங்காரமாக வேறு பொருள் உரைத்துச் சமாளிக்க அடியேன் விரும்பவில்லை. ஆனால் அங்கே சொன்ன தடை எது என்று பார்க்க வேண்டும். அறிவின் குறை அங்கே தடையாகச் சொல்லப்படவில்லை. ஸம்ஸ்க்ருத வாக்யங்களின் மிகுதியே சொல்லப்பட்டது. அம்மொழியைக் கற்பிக்காமல் விட்டவர்கள் அவர்களைச் சூழ்ந்த ஆண்கள். கற்பிக்கப்படாத மொழியை அறியாதது கற்பவர் குற்றமன்று என்று கண்டு, க்ரந்தத்தை மாற்றியவர் பிள்ளை லோகாசார்யர்.

மாற்றியபோது எதைக் குறைத்தார்? மூன்று ரஹஸ்யங்களில் ஒன்றையும் விடவில்லை. சேஷத்வம், பாரதந்த்ர்யம், புருஷகாரம், உபாயத்தின் ஸித்தத்வம் என்று எதையும் பெண்களுக்கு வேண்டா என்று ஒதுக்கவில்லை. 278 சூர்ணிகைகளில் அர்த்தம் முழுவதும் இருக்கிறது. பாரதம் வேதத்துக்குப் பதிலாக அளிக்கப்பட்டது என்றோமே, அதற்கும் இதற்கும் உள்ள வாசி இதுதான். இங்கே கொடுத்தது பதில் பொருளன்று, அப்பொருளே. அதனால்தான் பின்னர் நடந்ததும் வேறாயிற்று. மாமுனிகள் வ்யாக்யானம் இட்டது ஸ்ரிய:பதிப்படிக்கன்று, முமுக்ஷுப்படிக்கு. ரஹஸ்ய காலக்ஷேபத்தில் வித்வான்கள் முதலில் எடுப்பதும் அதையே. ஸம்ஸ்க்ருதம் கற்ற ஆண்களுக்கு ஏற்ற நூல் அலமாரியில் தங்கிற்று. பெண்களை நினைத்து எழுதிய நூல் அனைவர்க்கும் பாடமாயிற்று. பயிலுபவரில் யாருக்குத் தடை மிகுதியோ அவரை நினைத்துச் செய்த நூல் எல்லோருக்கும் தெளிவாக அமைந்துவிட்டது.

ஆயினும் கணக்கில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. உடையவர் நியமித்த ஸிம்ஹாஸனாதிபதிகள் எழுபத்து நால்வர். அவர்கள் அனைவர்க்கும் பெயர் உண்டு, வம்சம் உண்டு, தனியன் உண்டு. அவர் திருவடிகளில் ஆச்ரயித்திருந்த கொற்றியம்மைமார் முந்நூற்றுவர் என்றும் சொல்வர். அவர்கள் பெரும்பாலும் தொகையாகவே நிற்கிறார்கள். பெண்களை சிஷ்யைகளாக ஏற்ற ஸம்ப்ரதாயம் அவர்களை உபதேஷ்டாக்களாக ஓராண்வழியில் வைக்கவில்லை. கற்கலாம், ஆனால் அந்தக் கல்வி அவளோடு முடியும் என்ற நிலை. இதனால் இழந்தது எவ்வளவு என்று அளப்பதற்கு வழியே இல்லை. பொன்னாச்சியார் த்வயார்த்தத்தை எப்படிச் சொல்லியிருப்பார் என்பது நமக்குத் தெரியாது. இன்றும் பெரும்பாலான திவ்யதேசங்களில் அருளிச்செயல் கோஷ்டி ஆண்களுடையது. மார்கழியில் ஒரு பெண் பாடிய முப்பதையும் ஆண்கள் ஸேவிக்க, பெண்கள் கேட்டு நிற்கிறார்கள்.

அச்சு வந்தபின் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சான வ்யாக்யானங்களில் பல தெலுங்கு லிபியில் வந்தன. தமிழில் வந்தவற்றிலும் க்ரந்த எழுத்துக்கள் நிறைந்திருந்தன. தமிழ் எழுத்து மட்டும் அறிந்த பெண்ணுக்கு, தன்னை நினைத்துச் செய்த க்ரந்தமே மறுபடி எட்டாக்கனியாயிற்று. மொழியால் திறந்த கதவை லிபி சாத்திவிட்டது. காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் ஸ்வாமி திவ்ய ப்ரபந்தம் முழுமைக்கும் திவ்யார்த்த தீபிகை என்ற எளிய தமிழுரையை வெளியிட்டபோதுதான், வீட்டிலிருந்து வாசிப்போர்க்கு மறுபடி வழி பிறந்தது. பாண்டித்யத்தில் தமக்கு நிகரில்லாத ஒருவர் எளிய நடையைத் தேர்ந்தது பிள்ளை லோகாசார்யர் செய்ததன் தொடர்ச்சி என்றே சொல்லத் தோன்றுகிறது.

அந்நாளில் திருவல்லிக்கேணியில் ஒரு முடும்பைத் திருமாளிகைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சிறுமி ஒருத்தி உண்டு. பிள்ளை லோகாசார்யரின் குடிப்பெயரும் முடும்பை என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1901இல் பிறந்த இவளுக்கு ஆறு வயது நிறையுமுன் விவாஹம் ஆயிற்று. பள்ளிக்குப் போனதில்லை. கற்றதெல்லாம் வீட்டில், செவிவழியாக. வளர்ந்தபின் மனத்தில் ஒரு நாடகம் முழுதும் உருவாகி நின்றபோது, எழுதத் தெரியாது. தான் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தியை எழுதச் செய்தாள். இந்திர மோஹனா என்ற அந்நாடகம் 1924இல் அச்சேறிற்று. மறு ஆண்டு ஜகன்மோகினி என்ற பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினாள். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினாள். வைத்தமாநிதி முடும்பை என்ற குடிப்பெயரின் முதலெழுத்துக்களோடு அட்டையில் நின்ற பெயர் வை. மு. கோதைநாயகி அம்மாள்.